மூன்றாம் வரிசை, ஏழாம் பானை

கத்திரிச் செடிக்கு நாம் நினைக்கிற அளவு தண்ணீர் வேண்டியதில்லை. இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை, சப்-இன்ஸ்பெக்டர் ஐயா. நீங்களும் நம்பவில்லை என்று உங்கள் முகமே சொல்கிறது. பரவாயில்லை. ஆறு வருஷமாக அந்த முகத்தைத்தான் பெரார்கஞ்ச் வட்டாரம் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். டீக்கு நன்றி. சர்க்கரை தாராளமாகவே போட்டிருக்கிறார்கள்.

நான் நானாகவே பஸ் ஏறி வந்தேன் என்பதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். யாரும் என்னைத் தேடவில்லை. என் தோட்டக் காவலாளி பன்னீர்செல்வத்தைப் பிடித்து உள்ளே வைத்திருக்கிறீர்கள். அது உங்கள் தொழில், அதில் நான் மூக்கை நுழைக்க மாட்டேன். ஆனால் நேற்று என் மேலதிகாரியின் மேஜை மேல் உங்கள் விசாரணை அறிக்கையின் நகல் கிடந்தது. "பானை புதைத்துத் தண்ணீர் விடும் முறை உயிருக்கு ஆபத்தானது, குடியேற்றக் கிராமங்களில் இதைக் கைவிடலாம்" என்று அதில் கடைசி வரி. படித்ததும் எனக்கு வயிறு எரிந்தது. மீன்காரி செல்வம்மாள் செத்ததற்கு முறை என்ன செய்யும்? முறைமேல் ஒரு குற்றமும் இல்லை. அதைச் சொல்லிவிட்டுப் போகத்தான் வந்தேன்.

என் பெயர் பக்தவத்சலம். செங்கல்பட்டுக்காரன். அறுபத்தொன்றில் இங்கே கப்பலேறி வந்தேன், காய்கறிப் பரிசோதனைத் தோட்டத்தின் களப் பணியாளராக. இந்தத் தீவின் சங்கதி உங்களுக்குத் தெரியும். எட்டு மாதம் வானம் பொத்துக்கொண்டு ஊற்றும், சட்டைப் பித்தானில்கூடப் பூஞ்சை பிடிக்கும். ஜனவரி பிறந்தால் ஏப்ரல் முடிய ஒரு பொட்டு மழை கிடையாது. நாலா என்கிற ஓடையில் முழங்கால் தண்ணீர் கணுக்காலுக்கு இறங்கும், பிறகு அதுவும் போய்விடும். மெயின்லாண்டிலிருந்து கப்பலில் வருகிற கத்திரிக்காய் ஃபீனிக்ஸ் பே துறையில் இறங்கும்போது வற்றலாகத்தான் இறங்கும். அதை வரிசையில் நின்று வாங்கிப்போவார்கள்.

இதற்கு ஒரு வழி இருக்கிறது என்று நான்தான் சொன்னேன். சுட்ட மண்பானையைக் கழுத்துவரை மண்ணில் புதைக்க வேண்டும். சுற்றி நான்கு செடி. பானையில் தண்ணீர் ஊற்றி மூடிவிட்டால், அது பானையின் உடம்பு வழியாகக் கசிந்து வேருக்கு மட்டும் போகும். வெயில் குடிக்காது, களை குடிக்காது. வாய்க்கால் வெட்டிப் பாய்ச்சுவதில் பத்தில் ஒரு பங்கு தண்ணீர் போதும். மேலதிகாரி மூன்று மாதம் யோசித்தார். யோசிப்பதற்குத்தான் அவருக்குச் சம்பளம். பிறகு இருநூறு பானைக்கு ஒப்புதல் தந்தார். கப்பலில் வந்து சேர்ந்தபோது நூற்றிருபது முழுசாக இருந்தது. மூடிகள் அத்தனையும் உடைந்திருந்தன. மூடிக்கு என்ன பஞ்சம், தேங்காய்த் தேசத்தில்? ஒவ்வொரு பானை வாயிலும் ஒரு கொட்டாங்கச்சியைக் கவிழ்த்து வைத்தேன். பத்துப் பத்தாகப் பன்னிரண்டு வரிசை. பார்க்க லட்சணமாக இருந்தது.

அந்தக் கொட்டாங்கச்சியால்தான் செல்வம்மாள் வந்து சேர்ந்தார்.

அந்த அம்மாள் தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரை ஜனம். வீட்டுக்காரர் அல்போன்ஸ் வள்ளத்தில் கடலுக்குப் போகிறவர். கரையிலிருந்து நான்கு மைல், தலையில் மீன் கூடையோடு நடந்து வந்து, கிராமத்தில் விற்றுவிட்டுத் திரும்புவார். என் தோட்டம் வழியில் இருக்கிறது, வேலி இடுப்பளவுதான். ஒரு நாள் மத்தியானம் பார்க்கிறேன், மூன்றாம் வரிசை ஏழாம் பானைக்குப் பக்கத்தில் கூடையை இறக்கி வைத்துவிட்டு, கொட்டாங்கச்சியை நிமிர்த்தி மொண்டு குடித்துக்கொண்டிருக்கிறார். அந்தப் பானைக்கு மேல் ஒரு பாதாம் மரத்து நிழல் விழும்.

"இது செடிக்கு வைத்த தண்ணீர் அம்மா" என்றேன்.

"பானைமேல செரட்டையக் கவுத்து வெச்சிருக்கீய. எங்க ஊருல அப்படி வெச்சா வழியில போறவன் குடிக்கத்தான் சார்" என்றார் அவர். "தண்ணிப் பந்தல் கணக்கா வரிசையா வெச்சிட்டு, குடிக்காதன்னா என்ன ஞாயம்?"

அவர் சொன்னதில் தப்பில்லை. நம் பக்கத்தில் பானையும் கொட்டாங்கச்சியும் சேர்ந்து இருந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். ஒரு வங்காளியோ தெலுங்கனோ என் பானைகளைத் தொட்டதே கிடையாது. இவர் மட்டும் தினம் வருவார், அதே பானை, ஒரே ஒரு கொட்டாங்கச்சி. இரண்டாவது கேட்டதில்லை. குடித்துவிட்டு "உங்க புள்ளகுட்டி நல்லா இருக்கணும்" என்பார். எனக்குப் பிள்ளைகுட்டி கிடையாது. ஒருநாளும் அதைச் சொல்லவில்லை, எதற்குச் சொல்ல வேண்டும்?

இப்போது ஒரு சின்ன விஷயத்தைச் சொல்ல வேண்டியிருக்கிறது. இதை உங்கள் ரைட்டர் எழுதாமல் விட்டால் சந்தோஷப்படுவேன். இந்தத் தீவில் மண்ணுக்குள் போகிற எதற்கும் தார் பூச வேண்டும் என்பது முதல் நாளே கற்றுக்கொடுக்கிற பாடம். வீட்டுக் கால், வேலிக் கம்பு, தந்திக் கம்பம், எல்லாவற்றுக்கும். இல்லாவிட்டால் கறையான் ஆறு மாதத்தில் தின்றுவிடும். ஸ்டோரில் தார் டின் டின்னாக இருந்தது. மெயின்லாண்டிலிருந்து பாடுபட்டு வந்த பானைகள். அவற்றைப் புதைக்குமுன் பன்னீர்செல்வத்தை விட்டு வெளிப்பக்கம் முழுக்க இரண்டு கோட்டுத் தார் அடிக்கச் சொன்னேன்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். மேலதிகாரி சிரிக்கவில்லை. தார் அடிக்கும்போது வந்து பார்த்து, "இன்னொரு கோட்டும் அடிக்கலாம்" என்றவர் அவர்.

தார் அடித்த பானை கசியாது. ஒரு சொட்டுக்கூடக் கசியாது. வாரம் ஒருமுறை குச்சி விட்டு அளந்தால், ஊற்றிய தண்ணீர் ஊற்றிய இடத்தில் இருந்தது. தண்ணீர்ச் சிக்கனம் என்றால் அப்படி ஒரு சிக்கனம் உலகத்தில் எங்கும் நடந்திருக்காது. செடிகள்தான் வாடின. காரணம் எனக்கு இரண்டாவது மாதமே புரிந்துவிட்டது. ஆனால் அதற்குள் முதல் மாத அறிக்கை போய்விட்டது, டில்லியிலிருந்து ஒரு பெரியவர் பாராட்டிக் கடிதமும் எழுதிவிட்டார், மார்ச்சில் நேரில் வந்து பார்ப்பதாக. பாராட்டு வந்த பிறகு நூற்றிருபது பானையைத் தோண்டி எடுத்து, தார் அடித்தேன் என்று சொல்லச் சொல்கிறீர்களா? ஆறு வருஷம் இந்தக் கொசுவுக்கு ரத்தம் கொடுத்திருக்கிறேன். மெயின்லாண்டுக்கு மாற்றல் கேட்டு எழுதிய மனுக்கள் ஒரு ஃபைல் கனம் இருக்கும். அந்தப் பெரியவர் மனசு வைத்தால் கோயம்புத்தூர், இல்லாவிட்டால் இந்த மண்ணிலேயே நானும் தார் பூசிக்கொண்டு கிடக்க வேண்டியதுதான்.

ஆகவே விடியற்காலையில், பன்னீர்செல்வம் வருவதற்கு முன்னால், தோட்டத் தொட்டியிலிருந்து வாளியில் மொண்டு செடிகளுக்கு நானே ஊற்றினேன். தினம் நாற்பது வாளி. தோள்பட்டை இறங்கிவிட்டது. அந்தத் தொட்டித் தண்ணீரைக் கேட்டுக் கிராமத்து ஜனங்கள் இரண்டு தடவை மனு கொடுத்திருந்தார்கள், கிணற்றில் சேறு வருகிறது என்று. "பரிசோதனைக்கு ஒதுக்கிய தண்ணீர், தருவதற்கில்லை" என்று பதில் எழுதினேன். அதிலும் பொய் இல்லை, பரிசோதனைக்குத்தானே செலவானது.

அறிக்கையில் ஒரு தொல்லை இருந்தது. பானையில் தண்ணீர் இறங்கவே இல்லை என்று எழுதினால் எந்த முட்டாளும் கண்டுபிடித்துவிடுவான். இறங்குகிற பானை தோட்டத்தில் ஒன்றுதான் இருந்தது. அந்த அம்மாள் குடிக்கிற பானை. அதை அளந்து, அதையே எல்லாப் பானைக்கும் பொதுவான கணக்காக எழுதினேன். நான்கு கத்திரிச் செடிக்கு ஒரு நாளைக்குத் தேவை ஒரு கொட்டாங்கச்சித் தண்ணீர். டில்லியில் அதைத்தான் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடினார்கள். ஒரு மீன்காரியின் தாகத்தை. அவர் மட்டும் நாளுக்கு இரண்டு கொட்டாங்கச்சி குடித்திருந்தால் முறை தோற்றுப்போயிருக்கும். அந்த வகையில் நான் அவருக்குக் கடமைப்பட்டவன், மறுக்கவில்லை.

தவக்காலம் வந்தது. வெள்ளிக்கிழமைகளில் கிறிஸ்தவ வீடுகளில் மீனுக்குக் கிராக்கி அதிகம். ஒரு வெள்ளிக்கிழமை அந்த அம்மாள் வழக்கத்தைவிட வெகு சீக்கிரம் புறப்பட்டிருக்கிறார். நான் இருபதாவது வாளியோ என்னவோ ஊற்றிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தால் வேலிக்கு அந்தப் பக்கம் கூடையோடு நிற்கிறார்.

"ஏன் சார், பானை இருக்கும்போது வாளி எதுக்கு?" என்றார்.

நான் ஏதோ சொன்னேன். செடியைக் குளிப்பாட்டுவதாகச் சொன்னேன் என்று நினைக்கிறேன்.

அவர் உள்ளே வந்து, ஏழாம் பானையின் கழுத்துப் பக்கம் மண்ணை விரலால் கொஞ்சம் தோண்டினார். விரலை முகர்ந்து பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். கூடையைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

"அட என் மாதாவே. தாரால்லா அடிச்சிருக்கீய. அதான் தண்ணியில வள்ளத்து வாடை அடிக்கி, நான் நம்ம கை வாடைன்னு இருந்துட்டேன். ஏன் சார், வள்ளத்துக்குத் தார் அடிக்கது தண்ணி உள்ள வரக் கூடாதுன்னுல்லா? பானைக்கு அடிச்சா தண்ணி எந்த வழியா வெளிய போவும்?"

நான் பி.எஸ்ஸி. விவசாயம் படித்தவன், ஐயா. எங்கள் மேலதிகாரி வெளிநாடு போய் வந்தவர். இரண்டு பேருக்கும் தார் அடிக்கும்போது தோன்றாததை, கைநாட்டு வைக்கிற ஒரு பொம்பளை மண்ணை முகர்ந்து சொல்லிவிட்டுச் சிரிக்கிறாள். அந்தச் சிரிப்பில் கேலிகூட இல்லை. இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் சௌகரியமாக இருந்திருக்கும்.

"யாரிடமும் சொல்லாதீர்கள்" என்றேன்.

"நான் எதுக்குச் சொல்லப் போறேன்? உங்க பொழப்பு உங்களுக்கு. நம்ம வீட்டு ஆளை வரச் சொல்லுதேன், வள்ளம் சொரண்டுத உளி இருக்கு, ரெண்டு நாளுல எல்லாப் பானையையும் சொரண்டித் தந்திருவாரு. காசு ஒண்ணும் வேண்டாம்." கூடையைத் தலைக்கு ஏற்றிக்கொண்டே இன்னொன்றும் சொன்னார். "திங்கக்கிழமை டெல்லி பெரிய சாப் வாராராமே. இந்த ஊருப் பொம்பளைய எல்லாம் சேந்து வந்து கேக்கப்போறோம். பானைக்குத்தான் தண்ணியே வேண்டாம்னு எழுதியிருக்கீயளாமே, அப்ப தொட்டித் தண்ணிய ஊருக்கு விடச் சொல்லுவோம். சேத்துத் தண்ணியக் குடிச்சிச் சின்னஞ்சிறுசுக்கெல்லாம் வயித்தால போவுது சார்."

சொல்ல மாட்டேன் என்றார். அதை நான் நம்பினேனா என்று கேட்பீர்கள். நம்பினேன். பொய் சொல்கிற ஜாதி இல்லை அவர். ஆனால் டில்லிக்காரர் தொட்டிப் பக்கம் வந்து, "தண்ணீர் ஏன் பாதிதான் இருக்கிறது" என்று ஒரு வார்த்தை கேட்டால், அந்த அம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிடும். அவருக்குச் சிரிப்பை அடக்கத் தெரியாது. அன்று காலை அதை நான் கண்ணால் பார்த்தேன். அல்போன்ஸ் வேறு உளியோடு வந்து நின்றால் ஊரே வேடிக்கை பார்க்கும்.

மறுநாள் சனிக்கிழமை காலை, ஏழாம் பானைக்கு மருந்து விட்டேன். ஸ்டோரில் இருக்கும் எண்ட்ரின் என்கிற பூச்சிமருந்து. வேர்ப்புழுவுக்காக. அதைத்தான் என் குறிப்பேட்டில் எழுதியிருக்கிறேன், நீங்கள் பார்த்திருப்பீர்கள். மருந்து விட்ட இடத்தில் எச்சரிக்கைப் பலகை வைக்க வேண்டும் என்பது விதி. வைத்தேன். ஆங்கிலத்திலும் ஹிந்தியிலும் எழுத வேண்டும் என்று விதி, எழுதினேன். தமிழில் ஏன் எழுதவில்லை என்றால், விதியில் தமிழ் இல்லை. மண்டையோட்டுப் படம் போடலாம் என்று ஒரு குறிப்பு இருக்கிறது. எனக்குப் படம் வராது.

மத்தியானம் அந்த அம்மாள் வந்தார். நான் ஆபீஸ் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து மாத அறிக்கையை எழுதிக்கொண்டிருந்தேன். வழக்கம்போலக் கூடையை இறக்கினார். பலகையைப் பார்த்தார், முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பெரிய சாப் வருகைக்காக அலங்காரம் செய்திருக்கிறார்கள் என்று நினைத்திருப்பார். குடித்தார். முகத்தைச் சுளிக்கவில்லை. தார் வாடை அடிக்கிற தண்ணீரை மாதக்கணக்காகக் குடித்தவருக்கு வேறு வாடை தெரியாது. ஜன்னல் பக்கம் பார்த்து, "சார், போய்ட்டு வாரேன், உங்க புள்ளகுட்டி நல்லா இருக்கணும்" என்றார். நான் தலையை அசைத்தேன். மரியாதைக்கு.

இரண்டு வீட்டில் மீன் விற்றிருக்கிறார். மூன்றாவது வீட்டு வாசலில் விழுந்துவிட்டார், கைகால் இழுத்துக்கொண்டது என்றார்கள். ஜீப் வந்து சேர்வதற்குள் முடிந்துவிட்டது. மீன்தான் கெட்டது என்று ஊர் முழுக்கப் பேச்சு. அன்று வாங்கிய அத்தனை சூரையையும் கானாங்கெளுத்தியையும் குழி தோண்டிப் புதைத்தார்கள். நல்ல மீன். எனக்கு மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அடக்கம். நானும் போனேன். அல்போன்ஸ் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க தெனமும் தண்ணி குடுப்பீயளாமே சார், சொல்லிக்கிட்டே இருப்பா" என்று அழுதார். ஆறுதல் சொல்லிவிட்டு வந்தேன்.

திங்கள்கிழமை டில்லிப் பெரியவர் வந்தார். சாவு நடந்த ஊர் என்பதால் மனு கொடுக்கப் பொம்பளைகள் யாரும் வரவில்லை. செடியைப் பார்த்தார், ஒரு பானையின் கொட்டாங்கச்சியைத் தூக்கி எட்டிப் பார்த்தார், தண்ணீர் நிறைய இருந்தது. "பஹுத் அச்சா" என்று என் தோளைத் தட்டினார். வாளி தூக்கி வலி கண்டிருந்த தோள், ஆனாலும் சுகமாக இருந்தது. கோயம்புத்தூரைப் பற்றி மேலதிகாரியிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் ஜீப்பில் ஏறினார். எல்லாம் நல்லபடியாகத்தான் முடிந்தது.

புதன்கிழமை நீங்கள் வந்து கெடுத்தீர்கள். டாக்டர் ஏதோ சந்தேகப்பட்டார், அந்த அம்மாள் தினமும் என் பானையில் குடிப்பார் என்று பன்னீர்செல்வம் வாயைக் கொடுத்தான், ஸ்டோர்ச் சாவி அவனிடம் இருந்தது, அவனையே பிடித்துப்போட்டீர்கள். மருந்துத் தண்ணீர் ஒரு பானையிலிருந்து மற்றதற்குக் கசிந்திருக்கும், முறையே விபரீதம், கவனக்குறைவால் மரணம் என்று எழுதினீர்கள். கசிந்தது என்கிறீர்களே. கசியவைக்கத்தானே நான் இத்தனை நாள் தவித்தேன்.

ஆகையால் அறிக்கையைத் திருத்தி எழுதுங்கள். கவனக்குறைவு என்ற வார்த்தையை முதலில் அடியுங்கள். என் வேலையில் கவனக்குறைவு என்று இதுவரை யாரும் சொன்னதில்லை. பன்னீர்செல்வத்தை விட்டுவிடுங்கள். தார் அடித்தது அவன் யோசனை என்று மட்டும் போட்டுக்கொள்ளலாம், ஒரு வாரம் உள்ளே இருந்தவன், வெளியே விட்டால் போதும் என்று எதற்கும் தலையாட்டுவான். பானை முறையைக் கைவிடச் சொல்லும் வரியை எடுத்துவிடுங்கள். தார் இல்லாமல் புதைத்தால் அருமையாக வேலை செய்யும், என் வார்த்தையை நம்புங்கள்.

வேர்ப்புழு மருந்தை மற்ற நூற்றுப் பத்தொன்பது பானையில் ஏன் விடவில்லை என்று நீங்கள் இன்னும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இவ்வளவு நேரம் ஆகியிருக்காது. அந்த ஒரு பானைதான். அதிலும் நிறையத் தண்ணீரில் மருந்தைக் கலந்தால் தண்ணீர் முழுக்கப் பாழாகிவிடும். அந்த அம்மாள் ஒரு கொட்டாங்கச்சிக்கு மேல் குடிக்க மாட்டார் என்பது எனக்குத் தெரியும். அதனால் பானையில் இருந்த நல்ல தண்ணீரை எல்லாம் முதலில் மொண்டு நான்கு செடிக்கும் ஊற்றிவிட்டு, அடியில் ஒரு கொட்டாங்கச்சி அளவு மட்டும் விட்டு, அதில்தான் கலந்தேன். ஒரு சொட்டுத் தண்ணீர் நான் வீணாக்கவில்லை, ஐயா.